யாரும் இருமாத காலை

வேலைக்கான கடிதம் போனில் வந்த அன்று சாயங்காலமே நான் ஒரு அட்டவணை போட்டுவிட்டேன். நான் அப்படித்தான், எதையும் ஆறப்போடத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை, தரம் பார்க்கும் பிரிவு, தங்குவதற்கு விடுதி. ஐம்பது நாள் கழித்து வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். கல்லூரி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐம்பது கட்டம் வரைந்தேன். மேலே பெரிய எழுத்தில் ‘அப்பா’ என்று தலைப்பு. அதன் கீழே வரிசையாக: தண்ணீர், சாப்பாடு, மாத்திரை, கக்கூஸ், தெரு.

இந்த ஐந்தையும் அப்பா யார் துணையும் இல்லாமல் செய்ய வேண்டும். செய்துவிட்டால் நான் போகலாம். செய்யாவிட்டால் போக முடியாது. அம்மா சித்தாள் வேலைக்குக் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர ஆறு ஆகிவிடும். அவள் ஒரு நாள் போகாவிட்டாலும் வீட்டில் தெரியும். அந்தப் பதினோரு மணி நேரமும் அப்பாவோடு இருப்பது நான்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த கையால் அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பெயிண்டர். கள்ளக்குறிச்சியில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதி வீடு அவர் கை பட்டதுதான். அந்த விஷச் சாராயம் எங்கள் தெருவுக்கு என்ன செய்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, நான் அதை இங்கே எழுதப்போவதும் இல்லை. அப்பா உயிரோடு திரும்பி வந்தார். கண் வரவில்லை. “கண்ணுல ஒண்ணும் இல்லம்மா, பின்னாடி நரம்பு செத்துப்போச்சு, அவ்ளோதான்” என்றார் டாக்டர். அவ்ளோதான் என்று அவர் சொன்னதை வைத்து, ஏதோ சின்ன விஷயம்தான் போலிருக்கிறது என்று அம்மா அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

என்ன தெரிகிறது என்று நான் அப்பாவைத் தினமும் கேட்டு உயிரை வாங்குவேன்.

“கரியாலூர் மலையில மார்கழி மாசம் லாட்ஜிக்கு பெயிண்டு அடிக்கப் போனோம் பாரு” என்றார் ஒரு நாள். “காலையில கதவத் தொறந்தா எதிர்ல இருக்கிற மரம் தெரியாது. வெள்ளையா அப்படியே நிக்கும். அதான் தெரியுது.”

“அப்போ வெளிச்சம் தெரியுதுல்லப்பா?”

“அந்தப் பனி ஒம்போது மணிக்கு வெலகிடும் பாப்பா” என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஆட்டோவில் கூட்டிவந்த நாளைச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு சத்தத்துக்குப் பேர்போனது. குழாயடியில் சண்டை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டி.வி., மத்தியானத்திலும் யாராவது யாரையாவது ஏசிக்கொண்டிருப்பார்கள். அன்று ஆட்டோ நின்றபோது ஒரு சத்தம் இல்லை. ஆனால் எல்லோரும் இருந்தார்கள். வாசலில், குழாயடியில், திறந்த கதவுக்குப் பின்னால். திரும்பி வராதவர்களின் வீட்டுப் பெண்கள், திரும்பி வந்தவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது வீட்டு அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷனும் அப்பாவும் கூட்டாளிகள். ஒரே ஏணியில் ஏறி வேலை செய்தவர்கள். அன்றைக்கும் ஒன்றாகத்தான் போனார்கள்.

“இன்னா, தெருவுல ஒருத்தரையும் காணோம்?” என்றார் அப்பா.

“வேலைக்குப் போயிருப்பாங்க” என்றாள் அம்மா.

அடுத்த பதினைந்து நாளில் அவர் ஒவ்வொருவராகக் கேட்டார், அம்மா ஒவ்வொருவராகச் சொன்னாள். அப்புறம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அட்டவணைக்கு வருகிறேன். முதலில் தண்ணீர். ஆள்காட்டி விரலை டம்ளருக்குள் மடக்கி வைத்துக்கொண்டு ஊற்ற வேண்டும், விரலில் தண்ணீர் பட்டதும் நிறுத்த வேண்டும். போனில் பார்த்து நான் கற்று, பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு நானே செய்து பார்த்து, அதன் பிறகுதான் அவருக்குச் சொன்னேன். நான்கு நாள் வீடு முழுக்கத் தண்ணீர்.

“இவ பெரிய டீச்சரு, அந்தாளு பெரிய ஸ்டூடண்டு” என்றாள் அம்மா, சாக்கு போட்டுத் துடைத்துக்கொண்டே. “நான் ஒரு டம்ளர் மொண்டு குடுத்துட்டுப் போனா ஆவாதா?”

“நீ மதியம் பன்னெண்டு மணிக்கு சென்ட்ரிங் மேலருந்து எறங்கி வந்து மொண்டு குடுப்பியா?”

“வாயி மட்டும் கம்மி இல்ல உனக்கு.”

ஐந்தாம் நாள் அப்பா ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். எனக்கு ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். கட்டத்தில் டிக் போட்டேன்.

மாத்திரைக்கு ரப்பர் பேண்டு. காலை அட்டைக்கு ஒன்று, ராத்திரி அட்டைக்கு இரண்டு. அது ஒரே நாளில் வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டைக் கடிகாரம் மாதிரி நினைத்துக்கொள்ளச் சொன்னேன். பன்னிரண்டில் பொரியல், மூன்றில் ஊறுகாய்.

“ஏம்மா, சோறு தின்றதுக்கு மணி பாக்கணுமா?” என்றார். “தொட்டுக்க எது வெச்சாலும் என் சோத்தாங்கைப் பக்கம் வெய்யி. மத்தது நான் பாத்துக்கறேன்.” கடிகாரத்தை விட்டேன்.

கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் இருபதடி தள்ளி. பின்கதவிலிருந்து அதன் தாழ்ப்பாள் வரைக்கும் இடுப்பு உயரத்தில் நைலான் கயிறு கட்டினேன். பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். இரண்டு நாள் ஒழுங்காகப் போனார். மூன்றாம் நாள் வெளியே ‘ஐயோ’ என்று சத்தம். ஓடினேன். அம்மா வேலைக்குப் போகுமுன் அந்தக் கயிற்றில் ஈரப் புடவையைக் காயப்போட்டிருக்கிறாள். அப்பா புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“உங்கம்மா வேலைக்குப் போனாளா, இல்ல இங்கியே தொங்கினு இருக்காளா?” என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அந்த வாரம் தானாகவே முகச்சவரம் செய்துகொண்டார். காதோரம் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. நான் சொல்லவில்லை. பார்க்கப்போனால் அந்த இருபது நாளும் எனக்கு ஒருவிதப் பித்து. நான் நினைத்தது நடக்கிறது, இந்தத் தெருவில் ஒன்று நினைத்தபடி நடக்கிறது என்ற பித்து.

தெரு மட்டும் மிச்சம். அதை விட்டுவிடலாம் என்று அம்மா சொன்னாள். வீட்டுக்குள் இருக்கக் கற்றுக்கொண்டால் போதாதா. ஆனால் கேட்டது அப்பாதான். “காத்தால ஒரு தரம் டீக்கடைக்குப் போயி வந்தா மனுசன். பதினோரு மணி நேரம் வூட்டுலயே கெடந்தா அதுக்குப் பேரு வேற.”

டீக்கடை தெருமுனையில். எங்கள் வாசலிலிருந்து எழுபத்திரண்டு காலடி. நான்தான் நடந்து எண்ணினேன். நடுவில் ஒரு சந்து குறுக்கே வரும், அதன் பக்கத்தில் குழாய். குச்சி வாங்கி வருகிறேன் என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அதக் கையில புடிச்சேன்னா முடிஞ்சுபோச்சு.” சரி, எண்ணி நடக்கட்டும் என்றேன். பத்து நாள் அதற்குப் போனது. யாராவது “இன்னா மேஸ்திரி, சாப்ட்டியா” என்று கேட்பார்கள், பதில் சொல்வார், எண்ணிக்கை போய்விடும். ஒரு பைக் குறுக்கே நிற்கும், சுற்றிப்போவார், எண்ணிக்கை போய்விடும். ஒரு நாள் நாற்பத்தொன்றில் நின்றுகொண்டு, “பாப்பா, நான் இப்போ எங்க இருக்கேன்?” என்று கேட்டார். எனக்கு எரிச்சல். “நாப்பத்தொண்ணுல இருக்கீங்கப்பா” என்றேன்.

அவர் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றினார்.  பிறகு உள்ளங்கையால் தடவினார்.

“இது நான் அடிச்சது” என்றார்.

“எது?”

“இந்தச் செவுரு. பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ரெண்டு கோட்டு. சந்துக்கு முந்துன வூடு. வாசல் நெலைக்கு ஊதாக் கலர் கேட்டாங்களே, அவங்க.”

சரியாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து அடுத்த சுவரில் வைத்தேன். “சுண்ணாம்பு. நான் இல்ல.” அதற்கடுத்தது. “பூச்சு வேலையோட உட்டுட்டாங்க, கைல குத்துது பாரு.” தெருவின் இந்தப் பக்கச் சுவர்கள் முழுக்க அவருக்குக் கையில் தெரிந்தன. எழுபத்திரண்டு அடியாவது ஒன்றாவது. ஒன்பது சுவர். ஒன்பதையும் நோட்டில் எழுதினேன். என் சந்தோஷத்துக்கு அளவில்லை. இதை நான் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை, இது நாங்களாகக் கண்டுபிடித்தது.

திரும்பி வரும்போது மூன்றாவது வீட்டுச் சுவரில் அவர் கை நின்றது. இடுப்பு உயரத்தில் ஒரு இடம்.

“இங்க சரியாத் தேய்க்கல. மேடு இருக்குது” என்றார். “நான் சொன்னேன், தேய்டா தேய்டான்னு. பசிக்குது உடுன்னான்.”

அத்தையின் புருஷன்தான் அது. அந்த மேட்டின் மேல் அவர் கை கொஞ்ச நேரம் இருந்தது. அத்தை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அப்பா தனியாக நடந்தார். நான் எதிர்ப்பக்கமாகச் சத்தமில்லாமல் கூடவே போய்ப் போனில் படம் எடுப்பேன். வலது கை சுவரில், கால் கொஞ்சம் தேய்த்துத் தேய்த்து. சந்து வரும் இடத்தில் கையை எடுத்துவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நேராக நான்கு எட்டு வைத்து, அடுத்த சுவரைப் பிடித்துவிடுவார். டீக்கடைக்காரர் “வாங்க மேஸ்திரி” என்பார். நான் ஓடிவந்து கட்டத்தில் டிக் போடுவேன். ஏழு நாள், ஏழு டிக். பையில் துணி எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.  அம்மா பழைய சூட்கேசைத் துடைத்து வெயிலில் வைத்தாள்.

நாற்பத்தொன்றாம் நாள், எடுத்த வீடியோக்களை ஒன்றாகச் சேர்த்து என் தோழிக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். காதில் இயர்போன் மாட்டியிருந்தேன். முதல் வீடியோவில் அப்பா மூன்றாவது வீட்டை நெருங்கும்போது ஒரு இருமல். இரண்டாவது வீடியோவில் அதே இடத்தில் அதே இருமல். மூன்றாவதிலும். அப்பா இருமவில்லை.

திரும்ப முதலிலிருந்து போட்டேன். இந்த முறை அப்பாவைப் பார்க்காமல் ஓரங்களைப் பார்த்தேன். ஒரு கை வந்து சுவரோரம் நின்ற சைக்கிளை நகர்த்துகிறது. ஒரு கால் வாசலில் கிடந்த செருப்பை ஒதுக்குகிறது. சந்து வருவதற்கு இரண்டு அடி முன்னால் குழாயடியில் ஒரு பெண் குடத்தை வேண்டுமென்றே இன்னொரு குடத்தில் இடிக்கிறாள். டங். அப்பா தலையைச் சாய்க்கிறார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சந்தைத் தாண்டுகிறார். டீக்கடைக்காரர் கடையை விட்டுப் பத்தடி முன்னால் வந்து நின்று, கிளாசுக்குள் ஸ்பூனை ஆட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்கிறார். ஏழு நாளும் தெருவே இருமியிருக்கிறது, இடித்திருக்கிறது, ஒதுக்கியிருக்கிறது. நான் அவரை மட்டும் பார்த்திருக்கிறேன்.

குழாயடியில் அத்தையைப் பிடித்தேன்.

“நீங்கதான அத்த இத ஆரம்பிச்சீங்க?”

“எதடி?”

“இருமறத.”

“தொண்ட கரகரங்குது, இருமறேன். அதுக்கு உங்கிட்ட பர்மிசன் வாங்கணுமா?”

“தெருவுக்கே கரகரங்குதா?”

குழாயடியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. “ஏண்டி, மனுசன் தடவித் தடவி வராரு. அதக் கண்ணால பாத்துக்கினு நாங்களும் செவுரு மாதிரி நிக்கணுமா?”

“அவரு தனியா போவக் கத்துக்கணும் அத்த. நான் இன்னும் ஒம்போது நாள்ல போயிடுவேன்.”

“போயேன். நீ போனா எங்க தொண்டையும் உங்கூட வந்துடுமா?”

“நீங்கல்லாம் வேலைக்குப் போயிருக்கற ஒரு நாள் வரும். கரும்பு வெட்டுக்கு கச்சிராயபாளையம் பக்கம் போனீங்கன்னா வாரக்கணக்கா ஆளே இருக்க மாட்டீங்க. அன்னிக்கு அவரு இன்னா பண்ணுவாரு?”

அத்தை குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள். பேச்சில் நான்தான் ஜெயிப்பேன் என்று எனக்குத் தெரியும். நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள்.

“ஒரே ஒரு நாளு அத்த. நாளன்னிக்குக் காத்தால. யாரும் எதுவும் செய்யக்கூடாது. அவரால முடியுதான்னு பாத்துடலாம்.”

“பாவம்டி.”

“பாவம் பாத்துக்கினே இருந்தா எப்பத்தான் கத்துக்குவாரு?”

அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இரும வேண்டாம், குடம் இடிக்க வேண்டாம், எதையும் நகர்த்த வேண்டாம், கூப்பிட்டாலும் பேச வேண்டாம். யாரும் மறுத்துப் பேசவில்லை. படித்த பெண் சொல்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும், “ஸ்பூன ஆட்டாம டீ எப்டிம்மா ஆத்தறது? சர்க்கர அடியில நின்னுடுமே” என்றார். பிறகு, “மேடம் ஆர்டர்” என்று சல்யூட் வைத்தார். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவளிடம் எதற்கு.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை. அம்மா போய்விட்டாள். அப்பா சவரம் செய்துகொண்டு, நீலச் சட்டை போட்டுக்கொண்டார். நான் பின்பக்கம் துணி துவைப்பதாகச் சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு எதிர்ச்சாரிக்கு வந்து போனை எடுத்தேன்.

தெருவைப் பார்த்ததும் எனக்கே ஏதோ மாதிரி ஆனது. உதவி செய்யாதீர்கள் என்றுதான் நான் சொன்னேன். அவர்கள் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். டி.வி. இல்லை. குழாயைக்கூட மூடிவிட்டார்கள். குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியப்படியே நின்றார்கள். ஒருத்தி கைக்குழந்தை சிணுங்காமல் இருக்க அதன் வாயில் விரலை வைத்திருந்தாள். தப்பு செய்துவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. நான் கேட்டதைவிட ஜாஸ்தியாகவே செய்துவிட்டார்கள்.

அப்பா வாசல்படி இறங்கினார். எங்கள் சுவர். அடுத்த வீட்டுச் சுவர். மூன்றாவது வீட்டுச் சுவரில் கை வைத்ததும் நின்றார். தலையைச் சாய்த்தார். காத்திருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். அத்தை ஒரு முழத் தூரத்தில் நின்றாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அன்றைக்கு நின்ற மாதிரியே.

“தங்கச்சி?” என்றார் மெல்ல.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம்.

அவர் மேலே நடந்தார். நான்காவது, ஐந்தாவது. சந்து வந்ததும் கையை எடுத்தார். சுவர் இல்லை. குடத்துச் சத்தம் இல்லை. ஒரு எட்டு வைத்தார். நின்றார். வலது பக்கம் திரும்பினார், மறுபடி இடது பக்கம். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். இப்போது அவர் முகம் சந்துக்குள் பார்த்திருந்தது.

“மச்சான்?” என்று டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார். பிறகு, “பாப்பா?”

போனில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நொடி, அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன், வேறெதையும் நினைக்கவில்லை.

அப்பா கையைக் கீழே போட்டார். கத்தவில்லை. ரேஷன் கடை தொறந்திருக்கா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“இன்னா, எல்லாரும் போய்ட்டீங்களா?”

யாரோ குடத்தைக் கீழே விட்டார்கள். அத்தை முந்தானையை எடுத்துவிட்டு ஓடினாள். “எண்ணா, இங்கதாண்ணா இருக்கேன், எங்கியும் போவல, இங்கதான் இருக்கேன்.” தெரு முழுக்க ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. இருமினார்கள், குடத்தை இடித்தார்கள், யாரோ டி.வி.யைப் பெரிதாக வைத்தார்கள், டீக்கடைக்காரர் ஸ்பூனும் கையுமாக ஓடிவந்தார். அதற்குள் அப்பா சந்தின் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை மண்ணில். குழாயடி ஈரத்தில் லுங்கி நனைந்திருந்தது. எல்லோரும் சுற்றி வந்ததும், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி சிரித்தார்.

“ஒண்ணுமில்ல. தல சுத்துச்சு” என்றார்.

அத்தை அவரை எழுப்பிக்கொண்டே என்னைப் பார்த்து, ‘சொல்லிடவா’ என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். “தண்ணி புடிக்கப் போயிருந்தேண்ணா, அதான் நீ கூப்ட்டது காதுல வுழல” என்றாள்.

மறுநாள் அவர் சவரம் செய்துகொள்ளவில்லை. கால் வலிக்கிறது என்றார். அதற்கு மறுநாளும் கால் வலி. நான் தைலம் தேய்த்துவிட்டேன். “இன்னும் அஞ்சு நாள் இருக்குதுப்பா, மொதல்லருந்து வரலாம். பாதித் தூரம் மட்டும் போலாம்” என்றேன். ஐந்தாவது சுவர் வரைக்கும், மூன்றாவது வரைக்கும், வாசல்படி வரைக்கும் என்று குறைத்துக்கொண்டே வந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் மொண்டு குடித்தார், மாத்திரை போட்டுக்கொண்டார், கயிற்றைப் பிடித்துப் பின்பக்கம் போய் வந்தார். வாசல் பக்கம் மட்டும் வரவில்லை.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

“பெட்டி கட்டிட்டியா?”

“இல்ல.”

“ஏன்? நான்தான் தண்ணி மொண்டுக்கறேனே. சோறு தின்றேனே. போ.”

“தெரு?”

“தெருவுல எனக்கு இன்னா வேல?”

அவர் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு கேட்டேன். “அவங்கல்லாம் இருமறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“மொத நாளே தெரியும்” என்றார். “கண்ணுதான் போச்சு, காது எங்க போவுது? நீ எதிர்ப்பக்கம் கூடவே வருவியே, அதுவும் தெரியும். செருப்பத் தேய்ச்சிக்கினு நடப்ப நீ.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீ நோட்டுல கட்டம் போட்டுக்கினு இருந்தியே. உங்கம்மா சொன்னா. போவட்டும், புள்ள நல்லாருக்கட்டும்னு நானும் நடந்தேன்.”

அவர் கை படுக்கைக்குப் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அவர் கடைசிவரை பட்டி பார்க்கவே இல்லை.

“ஆனா அவங்களுக்கும் சலிச்சுப்போச்சு பாப்பா” என்றார். “அன்னிக்கு அத்தினி பேரும் அங்கதான் இருந்தாங்க. மூச்சு உடறது கேட்டுச்சு எனக்கு. ஒருத்தரும் இருமல. தப்பு சொல்ல முடியுமா? அவங்கவங்க வூட்லியே ஆள் இல்ல. எனக்குன்னு எத்தினி நாளிக்குத்தான் இருமிக்கினு இருப்பாங்க?”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான்ப்பா சொன்னேன், வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், அத்தை பாவம்டி என்றுதான் சொன்னாள். கொஞ்சம் வார்த்தைதான். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய வாய். வரவில்லை. தண்ணி வேணுமாப்பா என்று கேட்டேன். நான் மொண்டுக்கறேன் என்றார்.

நான் போகவில்லை. ஒரு மாதம் அவகாசம் கேட்டு மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் அந்த முகவரியிலிருந்து எதுவும் வரவில்லை. இப்போது கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மத்தியானம் வரை இருக்கிறேன். ஐந்தில் நான்கு அவரால் முடிகிறது என்பதால் அரை நாள் அவரை விட்டுவிட்டு வர முடிகிறது. வரும்போது டீக்கடையில் ஃபிளாஸ்கில் வாங்கி வருவேன். விரலை மடக்கி டம்ளரில் வைத்து, சிந்தாமல் ஊற்றிக் குடிப்பார். “ஆறிப்போச்சு” என்பார் தினமும். எழுபத்திரண்டு அடியில் என்ன ஆறும் என்று நான் கேட்பதில்லை.

அந்தக் காலையின் வீடியோ இன்னும் போனில் இருக்கிறது. போட்டுப் பார்க்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

அத்தை எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் இப்போதும் இருமுகிறாள். டீக்கடைக்காரர் இந்தப் பக்கம் வந்தால் கனைக்கிறார். உள்ளே அப்பா அசைவதில்லை. சும்மா ஒப்புக்கு இருமுகிறார்கள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது, சில சமயம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவருடைய மனத்தில் தாங்கள் என்னவாக ஆகிவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். நான் வீடு வீடாகப் போனது அந்த வரிசையில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு வார்த்தை போதும், அவர் நாளைக்கே சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடக்கூடும்.

ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்கிறார்கள். அந்த ஒரு ஒத்தாசையை மட்டும் வேண்டாம் என்று நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.